மலைகளில் கெடு இருந்தது, போளூர் சாலையில் இல்லை: ஒரு நான்கு நாள் பைக் பயணம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

நான்கு பேர், மூன்று வண்டி. வேலூர் சத்துவாச்சாரியில் குடியிருக்கும் பள்ளி ஆசிரியர் ஒருவர், வயது 45ஐத் தாண்டியவர், 350 சிசி கிளாசிக் ஓட்டுகிறார். பின்னால் அவர் மனைவி. காட்பாடியில் ஒரு ஆய்வகத்தில் வேலை பார்க்கும் இளைஞரிடம் 150 சிசி பல்சர். ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருப்பவரிடம் ஹிமாலயன், அதில் முன்னால் கூடுதலாக இரண்டு விளக்கு மாட்டியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று நால்வரும் கேட்டுக்கொண்டதால் சார், அக்கா, தம்பி, ஆம்பூர்க்காரர் என்றே எழுதுகிறேன். அவர்களுக்குள்ளும் பெரும்பாலும் இப்படித்தான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள்.

நான் கூடப் போகவில்லை. திட்டம் போட்டபோது பக்கத்தில் இருந்தேன், திரும்பி வந்த பிறகு நால்வரிடமும் தனித்தனியாகப் பேசினேன். அக்கா ஒவ்வொரு நிறுத்தத்திலும் மணியை ஒரு சின்ன நோட்டில் குறித்து வைத்திருந்தார். அது இல்லையென்றால் இதை எழுதியிருக்கவே முடியாது, ஏனென்றால் ஒரே சம்பவத்துக்கு ஆளுக்கு ஒரு நேரம் சொன்னார்கள்.

அவர்களுக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான்: நான்கு வழிச்சாலையில் லாரிகளுக்கு நடுவே ஓட்டாமல், மலை ஏறி, மலை இறங்கி, நடுவில் சின்னச் சின்ன ஊர்கள் வழியாகப் போய்விட்டு வர வேண்டும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்தில் இருந்து இ-பாஸ் வந்துவிட்டது, அதோடு அங்கே போவதற்குள் இரண்டு நாள் சமவெளியிலேயே போய்விடும். வேலூர்க்காரர்களுக்கு அந்தத் தொல்லையே தேவையில்லை. ஊரில் இருந்து தெற்கே இறங்கினால் ஜவ்வாது மலை, அது முடிந்தால் சித்தேரி, அப்புறம் சேர்வராயன், அதற்கும் கீழே கொல்லி மலை என்று கிழக்குத் தொடர்ச்சி மலை துண்டு துண்டாக வரிசையில் நிற்கிறது. ஒரு துண்டில் இருந்து இன்னொன்றுக்குப் போக ஒரு மணி, இரண்டு மணி நேரச் சமவெளி, அவ்வளவுதான்.

திட்டம் போட்ட விதம்

முதல் கேள்வி எந்த மாதம் என்பது. தை மாதம் என்றார் ஆம்பூர்க்காரர், மழை இருக்காது, குளிர் நன்றாக இருக்கும். சார் ஒத்துக்கொள்ளவில்லை. பொங்கல் முடிந்த கையோடு செங்கம், அரூர் பக்கம் போனால் பல இடங்களில் கொள்ளையும் கேழ்வரகையும் வண்டிகள் மிதித்துப் போகட்டும் என்று தார் ரோட்டிலேயே பரப்பி வைத்திருப்பார்கள், கார்க்காரனுக்குச் சத்தம் மட்டும்தான், இரண்டு சக்கரத்தில் வளைவில் அதன்மேல் பிரேக் பிடித்தால் வண்டி நம் பேச்சைக் கேட்காது. கடைசியில் காலாண்டு விடுமுறைதான் எல்லோருக்கும் ஒத்து வந்தது. ஆயுத பூஜை முடிந்த மறுநாள் வியாழக்கிழமை கிளம்பி ஞாயிறு இரவுக்குள் வீடு, திங்கட்கிழமை சாருக்குப் பள்ளிக்கூடம். புரட்டாசி என்பதால் அக்காவும் தம்பியும் கவுச்சி தொட மாட்டார்கள், இதில் ஆம்பூர்க்காரருக்குத் தனி வருத்தம்.

அக்டோபர் தொடக்கத்துக்கு ஒரு குணம் உண்டு. காலையில் பளிச்சென்று வெயில் அடிக்கும், மதியம் ஒரு மணிக்கு மேல் மலை உச்சியில் மேகம் திரளும், மூன்று நான்கு மணிக்கு இடியோடு கொட்டும், இரவில் அடங்கிவிடும். வடகிழக்குப் பருவமழை இன்னும் தொடங்கியிருக்காது, இது வெப்பச்சலன மழை. எந்த ஊரில் கொட்டும் என்று முதல் நாளே சொல்ல முடியாது, ஆனால் எந்த நேரத்தில் கொட்டும் என்று ஓரளவுக்குச் சொல்லலாம். இதை வைத்துத்தான் முழுத் திட்டமும் போடப்பட்டது. மலை காலையில், சமவெளி மதியத்தில், சாயங்காலம் லாட்ஜ்.

வழி இது. வியாழன்: வேலூர், அமிர்தி, ஜமுனாமரத்தூர், செங்கம், நீப்பத்துறை, தீர்த்தமலை, அரூர். வெள்ளி: அரூரில் இருந்து மஞ்சவாடிக் கணவாய் தாண்டி, குப்பனூர் வழியாக ஏற்காடு. சனி: ஏற்காட்டில் இருந்து சேலம், ராசிபுரம், காரவள்ளி, அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறிக் கொல்லி மலையில் தங்கல். ஞாயிறு: முள்ளுக்குறிச்சி பக்கம் இறங்கி ஆத்தூர், கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், மூங்கில்துறைப்பட்டு, திருவண்ணாமலை, போளூர், வேலூர்.

வரைபடம் சொல்லும் நேரத்தை அவர்கள் நம்பவில்லை. சமவெளியில் நிறுத்தங்களையும் சேர்த்து மணிக்கு 40 கி.மீ., மலையில் 20 கி.மீ. என்று தாங்களே கணக்குப் போட்டார்கள். நிறையப் பேர் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆனால் டீ, ஒன்றுக்கு, போட்டோ, ஆடு மாடு, பெயிண்ட் அடிக்காத வேகத்தடை எல்லாம் சேர்ந்தால் கிராமத்துச் சாலையில் அதற்கு மேல் வராது. அக்காவின் நோட்டைப் பார்த்தால் கணக்கு ஏறக்குறைய சரியாகவே வந்திருக்கிறது.

அடுத்து, ஒவ்வொரு மலை அடிவாரத்துக்கும் ஒரு கெடு. தாளில் அந்த வார்த்தையையே எழுதியிருந்தார்கள். அமிர்தியை 8 மணிக்குள் தாண்ட வேண்டும், குப்பனூரை 10 மணிக்குள், காரவள்ளியை 12 மணிக்குள். தாண்டாவிட்டால் மலை கிடையாது, மாற்று வழி எது என்பதும் பக்கத்திலேயே எழுதியிருந்தது. இந்த யோசனை சாருடையது. ரோட்டில் நின்றுகொண்டு ஏறலாமா வேண்டாமா என்று பேச ஆரம்பித்தால் ஏறலாம் என்பவர்தான் எப்போதும் ஜெயிப்பார், அதனால் வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்துவிட வேண்டும் என்றார். கெடுவோடு இன்னொரு விதியும் இருந்தது, இதைச் சொன்னவர் சாரின் சொந்தக்காரர், அரசு பஸ் ஓட்டுநர்: மலை மேலிருந்து முதல் பஸ் இறங்கிவிட்டதா என்று அடிவாரத்து டீக்கடையில் கேளுங்கள், இறங்கியிருந்தால் ரோடு இருக்கிறது.

பெட்ரோல் விஷயம் சுருக்கமாக. சின்ன டேங்க் எதுவோ அதை வைத்துத்தான் கணக்கு. மலைமேல் பங்க் இருக்கும் என்று நம்பாமல் ஒவ்வொரு முறையும் அடிவாரத்து ஊரிலேயே நிரப்பிக்கொள்வது. வரைபடத்தை மூன்று போனிலும் முன்கூட்டியே இறக்கி வைத்தார்கள், ஜவ்வாது மலையில் பல இடத்தில் சிக்னல் கிடையாது.

கிளம்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுச் சுமையோடு ஏலகிரிக்கு ஏறி இறங்கிப் பார்த்தார்கள். 14 வளைவுதான், ஆனால் அதிலேயே இரண்டு விஷயம் தெரிந்தது. கிளாசிக்கின் பக்கவாட்டுப் பை சைலன்சரில் உரசிக் கருகத் தொடங்கியிருந்தது. இறங்கும்போது தம்பி பின் பிரேக்கை மிதித்தபடியே வந்ததில் அடிவாரத்தில் கருகல் வாடை அடித்தது. இரண்டாம் கியரில் போட்டு இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்க வேண்டும், வளைவுக்கு முன்னால் மட்டும் இரண்டு பிரேக்கும் சேர்த்து லேசாக, அவ்வளவுதான் என்று ஆம்பூர்க்காரர் பொன்னேரி கூட்டு ரோட்டில் வைத்துப் பாடம் நடத்தினாராம். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அது 2017ஆம் ஆண்டு ஓட்டுநர் விதிமுறைகளிலேயே இருக்கிறது, யாருக்குத் தெரிகிறது.

வியாழன்: ஜவ்வாது மலை

காலை 5:40க்குக் கிளம்பினார்கள். முதல் ஆபத்து சத்துவாச்சாரியைத் தாண்டுவதற்குள்ளேயே வந்தது, ஆயுத பூஜைக்கு உடைத்த பூசணிக்காய். கடை வாசல், பட்டறை வாசல், முச்சந்தி என்று எல்லா இடத்திலும் சிதறிக் கிடந்தது, இருட்டில் தெரியாது, சோப்பு மாதிரி வழுக்கும். கணியம்பாடி வரை நடக்கிற வேகத்தில்தான் போனார்கள்.

அமிர்தியை 7:05க்குத் தாண்டினார்கள். அதன் பிறகு காடு. ரோடு சில இடத்தில் புதுத் தார், சில இடத்தில் ஜல்லி, குறுகல், எதிரில் ஒரு பால் வண்டி வந்தாலே ஓரங்கட்ட வேண்டும். 20 கி.மீ. வேகக் கணக்கு இங்கேதான் தன்னை நிரூபித்தது. ஜமுனாமரத்தூரில் டிபன், சந்தையில் தேனும் சாமை அரிசியும் வாங்கினார்கள், முதல் நாளே சுமை ஏற்றலாமா என்று சார் முணுமுணுத்தாராம், அக்கா காதில் வாங்கவில்லை. காவலூர் வானாய்வகத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று தம்பி ஆசைப்பட்டான், 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிற இடம். ஆனால் அது ஆலங்காயம் பக்கம், வழி மாறிப் போக வேண்டும். தாளில் இல்லை என்பதால் விட்டார்கள். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், முதல் நாள் விட்டது உண்மையிலேயே விட்டதுதான். மறுபடி அந்தப் பேச்சு வரவில்லை.

செங்கம் பக்கம் இறங்கியபோது மணி 12. அதன் பிறகு நீப்பத்துறையில் தென்பெண்ணைக் கரையில் கட்டுச்சோறு, தீர்த்தமலையைக் கீழிருந்தே கும்பிடு, 3:20க்கு அரூரில் லாட்ஜ். 4 மணிக்கு மழை. நால்வரும் பால்கனியில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

வெள்ளி: குப்பனூரில் திரும்பியது

மஞ்சவாடிக் கணவாய் தாண்டி குப்பனூருக்கு 8:50க்கே வந்துவிட்டார்கள். கெடுவுக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சம். ஏற்காட்டுக்குச் சேலத்தில் இருந்து ஏறுகிற பெரிய சாலையில் 20 கொண்டை ஊசி வளைவு, எல்லோரும் போகிற வழி. குப்பனூரில் இருந்து கொட்டச்சேடு வழியாக ஏறுவது பின்வாசல் மாதிரி, கூட்டம் இருக்காது, இந்தப் பயணத்தில் ஆம்பூர்க்காரர் மிகவும் எதிர்பார்த்த துண்டு அதுதான்.

டீக்கடையில் கேட்டார்கள். கடைக்கார அம்மா சொன்னது அக்காவின் நோட்டில் அப்படியே இருக்கிறது: "ராத்திரி நல்ல மழைங்க. மொத பஸ்ஸு இன்னும் எறங்கல. ரெண்டு பைக்கு மட்டும் எறங்குச்சு."

இங்கேதான் வாக்குவாதம். பைக் இறங்கியிருக்கிறது அல்லவா, நாமும் பைக்தானே, என்றார் ஆம்பூர்க்காரர். தாளில் பஸ் என்று இருக்கிறது, பைக் என்று இல்லை, என்றார் சார். உள்ளூர்ப் பையன் தனியாகச் சேற்றிலும் கல்லிலும் உருட்டிக்கொண்டு இறங்குவதும், பின்னால் ஆளையும் இரண்டு பக்கமும் பையையும் வைத்துக்கொண்டு 350 சிசி வண்டியை ஏற்றுவதும் ஒன்றில்லை, இந்த இடத்தில் சார் சொன்னதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் இந்த வட்டாரமே பட்டபாடு நால்வருக்கும் நினைவிருந்தது. ஊத்தங்கரையில் மட்டும் ஒரே நாளில் 50 செ.மீ. பெய்த மழை அது, திருவண்ணாமலையில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அரை மணி நேரம் காத்திருந்தார்கள், பஸ் வரவில்லை, திரும்பிச் சேலம் போய்ப் பெரிய சாலையில் ஏறினார்கள். விடுமுறைக் கூட்டத்தில் கார்களுக்குப் பின்னால் ஊர்ந்து 12:30க்கு ஏற்காடு.

பஸ் ஏன் வரவில்லை என்பது கடைசி வரை தெரியவில்லை. மரம் விழுந்திருக்கலாம், பஸ்ஸே பழுதாகியிருக்கலாம். ஆம்பூர்க்காரர் அன்று முழுக்கச் சரியாகப் பேசவில்லை.

சனி: பஞ்சர், காரவள்ளி, அட்வான்ஸ்

சேலம் தாண்டி ராசிபுரத்துக்கு முன்னால் கிளாசிக்கின் பின் சக்கரம் பஞ்சர், மணி 10:10. டியூப்லெஸ் பஞ்சர் கிட் மூன்று பேரிடமும் இருந்தது. இந்த கிளாசிக்கிலோ கம்பிச் சக்கரம், உள்ளே டியூப். ஆணி குத்திய ஓட்டையில் ரப்பர் திரியைச் செருகுகிற வேலையெல்லாம் டியூப் டயரில் நடக்காது, சக்கரத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும். மாற்று டியூப் கையில் இருந்தது, டயர் கழற்றும் கம்பி இருந்தது, காற்றடிக்கும் பம்பும் இருந்தது. பின் அச்சு நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர் மட்டும் இல்லை! தம்பி பல்சரில் போய்ப் பஞ்சர் கடைக்காரரை அழைத்துவந்து, அவர் வேலையை முடித்துக் கிளம்பியபோது 12:05.

காரவள்ளி அடிவாரம், 1:25. கெடு 12. மலைமேல் மேகம் ஏற்கெனவே கறுத்துவிட்டது.

இந்த முறை விவாதம் நீண்டது, காரணம் பணம். கொல்லி மலையில் இரண்டு அறைக்கு முழு வாடகையும் முன்கூட்டியே கட்டியாகிவிட்டது, வரவில்லை என்றால் திரும்பக் கிடைக்காது. 70 வளைவு ஒன்றரை மணி நேரம், 3 மணிக்கு மேலே இருப்போம், மழை வருவதற்குள் அறைக்குள் போய்விடலாம் என்று இந்தத் தடவை தம்பியும் ஆம்பூர்க்காரர் பக்கம் சேர்ந்துகொண்டான். முடிவைச் சொன்னவர் அக்கா. "நான் பின்னாடி உக்காந்துக்கிட்டு வர்றவ, எனக்கு பயமா இருக்கு, தாளுல என்ன இருக்குதோ அத செய்ங்க." திரும்பி ராசிபுரத்தில் அறை எடுத்தார்கள். 3:40க்குப் பிடித்த மழை 6 மணி வரை விடவில்லை. அன்று ஏறியிருந்தால் நடு மலையில் மாட்டியிருப்பார்களா, தப்பித்திருப்பார்களா என்பது இரண்டு பக்கமும் வாதாடக்கூடிய விஷயம். தெரிந்த தகவலை வைத்துப் பார்த்தால் முடிவு சரி.

அன்று இரவு சாப்பிடும்போது எடுத்த முடிவுதான் இந்த ஆய்வுக்கே காரணம். இவ்வளவு தூரம் வந்துவிட்டு, அறைக்கும் காசு போய், கொல்லி மலையைப் பார்க்காமல் திரும்புவதா? விடியற்காலையில் ஏறி மதியத்துக்குள் முள்ளுக்குறிச்சி பக்கம் இறங்கிவிடலாம், அந்த வழியாகத்தானே எப்படியும் ஊருக்குப் போகிறோம் என்று நால்வரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். சாரும் மறுக்கவில்லை. காலையில் மலை, மழைக்கு முன்னால் இறக்கம், எல்லா விதிக்கும் உட்பட்டதாகத்தான் இருந்தது.

ஆனால் பழைய தாளில் ஞாயிற்றுக்கிழமை என்பது மலைமேல் தூங்கி எழுந்து 7 மணிக்கு இறங்குகிற நாள். அந்தக் கணக்கில் வேலூர் 5 மணிக்கு. இப்போது அதே நாளுக்குள் ஓர் ஏற்றமும் மலைமேல் சுற்றுவதும் சேர்ந்துவிட்டன, இறக்கம் நான்கு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனது. அதைக் கூட்டிப் பார்த்திருந்தால் வேலூர் இரவு 9 மணிக்கு மேல் என்று வந்திருக்கும். யாரும் கூட்டவில்லை. குப்பனூரை அவர்கள் விட்டார்கள். கொல்லியை விடவில்லை, மறுநாளுக்குத் தள்ளினார்கள். சனிக்கிழமைச் செலவை ஞாயிற்றுக்கிழமை கட்ட வேண்டியதாயிற்று.

ஞாயிறு: மலை நன்றாக முடிந்தது

5:45க்கு ராசிபுரம், 7 மணிக்குக் காரவள்ளி. நோட்டில் அக்கா இந்த இடத்தில் மட்டும் மணி குறிக்கவில்லை, "ரொம்ப நல்லா இருந்தது" என்று எழுதியிருக்கிறார். ஈர ரோடு, காலி வளைவுகள், மிளகுக்கொடி ஏறிய மரங்கள், எதிரில் ஒரு பஸ்ஸும் சில வாழைத்தார் வண்டிகளும் மட்டும். அறப்பளீஸ்வரர் கோயிலில் சாமி கும்பிட்டார்கள். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரம் படிக்கு மேல் இறங்கி ஏற வேண்டும், அது வேண்டாம் என்று விட்டார்கள், நல்ல முடிவு. அப்படியும் மேலேயிருந்து கிளம்ப 11:15 ஆகிவிட்டது. முள்ளுக்குறிச்சி 12:30. வேலூருக்கு இன்னும் சுமார் 230 கி.மீ.

ஆத்தூரில் சாப்பாடு, 2:15க்குக் கிளம்பல். கள்ளக்குறிச்சி 3:20. மூங்கில்துறைப்பட்டு தாண்டி திருவண்ணாமலைக்கு 5:20. பௌர்ணமி இல்லை என்று காலண்டரில் பார்த்துத்தான் இந்த வழியைப் போட்டிருந்தார்கள். இப்போதெல்லாம் திருவண்ணாமலைக்குப் பௌர்ணமியே தேவையில்லை. சனி ஞாயிறோடு விடுமுறையும் சேர்ந்தால் ஊர் நிரம்பிவிடுகிறது. புறவழிச்சாலையில் போயிருக்கலாம், டீயும் டிபனும் வேண்டும் என்று ஊருக்குள் நுழைந்தார்கள். வெளியே வர 6:40. அக்டோபரில் 6 மணிக்கே சூரியன் போய்விடும், அதனால் முழு இருட்டு.

இங்கே ஆம்பூர்க்காரர் பிரிந்தார். அவருக்குச் செங்கம், திருப்பத்தூர், வாணியம்பாடி வழிதான் நேர். கை குலுக்கி, போட்டோ எடுத்து, பயணம் முடிந்தது என்ற நினைப்பு எல்லோருக்கும் வந்துவிட்டது. மூன்று வண்டியில் நல்ல வெளிச்சம் இருந்த ஒரே வண்டியும் அத்தோடு போய்விட்டது. இரண்டு நாளாகக் கட்டாயமாகப் பின்பற்றிய வரிசை (முன்னால் ஹிமாலயன், நடுவில் ஆள் ஏற்றிய வண்டி, கடைசியில் பல்சர்) கலைந்தது, தம்பி முன்னால் போய்க் கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குச் சென்றுவிட்டான்.

விபத்து

போளூர் தாண்டியதும் தூறல். சார் நின்று மழைக்கோட்டு போடவில்லை, இன்னும் 50 கி.மீ.தானே என்று. கண்ணமங்கலத்துக்கு முன்னால், 8:10 இருக்கும், எதிரில் வந்த பஸ்ஸின் ஹைபீம் கண்ணில் அடித்தது. அது தாண்டியபோது முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் டிரெய்லர், பின்னால் விளக்கும் இல்லை, ரிஃப்ளெக்டரும் இல்லை. பிரேக் பிடித்தார், ஈரத்தில் பின் சக்கரம் விலகியது, வண்டி இடது பக்கம் படுத்துச் சறுக்கியது. வேகம் 45 இருக்கலாம் என்கிறார்.

சாருக்கு முழங்காலிலும் முழங்கையிலும் சிராய்ப்பு. அக்கா கையை ஊன்றி விழுந்ததில் இடது மணிக்கட்டு முறிந்தது. இருவரும் நாடா கட்டிய ஹெல்மெட் போட்டிருந்தார்கள், அக்காவின் ஹெல்மெட்டில் பக்கவாட்டில் நீளமாகக் கீறல், அதைப் பார்த்த பிறகு நான் வேறு எதுவும் கேட்கவில்லை. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடிவந்து தூக்கினார்கள், ஒருவர் 108க்குப் போன் செய்தார், அதே சாலையில் வேலூருக்கு முன்னால் இருக்கிற அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிற நம்மைக் காக்கும் 48 திட்டம் 2021 டிசம்பரில் இருந்தே நடப்பில் இருக்கிறது, இந்த வீட்டில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. மணிக்கட்டுக்கு மாவுக்கட்டு, ஆறு வாரம். தம்பிக்கு விஷயம் தெரிந்தது காட்பாடி போய்ச் சேர்ந்து போனை எடுத்துப் பார்த்த பிறகுதான்.

பார்த்ததில் எனக்குப் படுவது

டிராக்டரில் விளக்கில்லை, பஸ் விளக்கைத் தணிக்கவில்லை, இரண்டும் உண்மை. ஆனால் வட ஆற்காட்டில் இரவு ஓட்டுகிற எவருக்கும் இவை இரண்டும் புதிதில்லை, இருக்கும் என்று எடுத்துக்கொண்டுதான் திட்டம் போட வேண்டும். மூன்று மலைக்கும் கெடு எழுதியவர்கள், தினமும் பார்க்கிற போளூர் சாலைக்கு ஒன்றும் எழுதவில்லை. ஏன் என்று சாரிடம் கேட்டேன். அது நம்ம ரோடு ஆச்சே என்றார்.

6:40க்குத் திருவண்ணாமலையிலேயே தங்கியிருக்கலாம், அன்று அறை கிடைப்பது கஷ்டம் என்பது வேறு. அதைவிட நல்ல இடம் சனிக்கிழமை இரவு ராசிபுரம்தான். அங்கே கொல்லியை ஒரேயடியாக விட்டிருந்தால் ஞாயிறு மதியம் 3 மணிக்கு வீட்டில் இருந்திருப்பார்கள். அல்லது திங்கட்கிழமை ஒரு நாள் விடுப்பு சொல்லியிருந்தால் கொல்லியும் கிடைத்திருக்கும், ராத்திரிப் பயணமும் தவிர்ந்திருக்கும். பணத்தை நினைத்தவர்கள் இந்த ஒரு நாள் விடுப்பைப் பற்றிப் பேசவே இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம், ஏனென்றால் அப்புறம் மாவுக்கட்டுக்காகச் சார் எடுத்த விடுப்பு அதைவிட அதிகம்.

என்ன மாறியது

அக்காவின் கை சரியாகிவிட்டது, பிழிகிற வேலை செய்தால் மட்டும் வலிக்கிறதாம். கிளாசிக்கின் கைப்பிடியும் கால் வைக்கும் கம்பியும் மாற்றப்பட்டன. தாளில் இப்போது வீட்டுக்கும் ஒரு கெடு இருக்கிறது: சூரியன் மறையும்போது எந்த ஊரோ அங்கேயே தங்கல், வீடு 20 கி.மீ. என்றாலும் சரி. எதையாவது மறுநாளுக்குத் தள்ளினால் அந்த நாளின் நேரத்தை அங்கேயே மறுபடி கூட்டி எழுத வேண்டும், கூட்டி முடிக்கும் வரை யாரும் தூங்கப் போகக்கூடாது என்பது அக்கா சேர்த்தது. கடைசி வீடு வரும் வரை வரிசை கலையக்கூடாது. பிரிகிறவர் இருந்தால் பகலில்தான் பிரிய வேண்டும். அறைக்கு முழுப் பணம் கட்டுவதில்லை, ரத்து செய்ய முடிகிற இடம் மட்டும். மூன்று வண்டிக்கும் பொருந்தும் ஸ்பேனர்களை வாங்கி ஆளுக்கு ஒன்று வைத்துக்கொண்டார்கள். டிராக்டர் விஷயமாக எதுவும் செய்ய முடியவில்லை, எண் பலகையைக்கூட யாரும் பார்த்திருக்கவில்லை.

குப்பனூர் பற்றிச் சாரும் ஆம்பூர்க்காரரும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அடுத்த பயணத்தில் அந்தத் துண்டை மட்டும் தனியாகப் போட்டிருக்கிறார்கள், மாசி மாதம், பஸ் விதி அப்படியே இருக்கிறது.